கட்டியவரும் காத்தவரும்: இஸ்தான்புல்லில் சினானின் மரபு

இஸ்தான்புல் நகரில் பொற்கொம்புக் கழிமுகத்தின் கரையில் நின்று நோக்குவோரின் பார்வையை முதலில் ஈர்ப்பது, குன்றின்மீது எழுந்து நிற்கும் சுலைமானியா பள்ளிவாசலாகும். உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், மூன்று சுல்தான்களின் கீழ்ப் பணியாற்றி, 1588 இல் மறைந்த மிமார் சினானின் படைப்பு இது.

1550 தொடக்கம் 1557 வரை கட்டப்பட்ட இப்பள்ளிவாசலின் குவிமாடம் சுமார் 53 மீற்றர் உயரமானது. எனினும், சினானின் பெருமையை உயரத்தைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. பள்ளிவாசலைச் சூழ மத்ரஸாக்கள், வைத்தியசாலை, ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம், பொதுக் குளியலகம், கடைத்தொகுதி என்பனவும் ஒரே திட்டத்தின் கீழ் எழுந்தன. அவற்றின் பராமரிப்புக்கென வக்பு சொத்துக்களும் ஒதுக்கப்பட்டன. கட்டுவதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை என்ற தெளிவு அதில் இருந்தது.

நகரின் தாகத்தைத் தணிக்க அவர் அமைத்த கிர்க்செஷ்மே நீர்வழங்கல் திட்டமும் குறிப்பிடத்தக்கது. அதன் ஓர் அங்கமான மாலோவா நீர்ப்பாலம் இன்றும் உறுதியாக நிற்கின்றது.

இவை யாவற்றிலும் எம்மைக் கவர்வது வேறொன்றாகும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தில் இணைந்த சினான், தமக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தேவாலயமாக எழுப்பப்பட்ட ஹாகியா சோபியாவை 1570களில் பழுதுபார்த்துத் தாங்குசுவர்களால் வலுப்படுத்தினார். அப்போது அது பள்ளிவாசலாக இருந்தது. முன்னோர் படைப்பை இடித்துவிட்டுத் தமது பெயரைப் பொறிக்க அவர் முனையவில்லை. அதிலிருந்து கற்றார், அதனைக் காத்தார். நிலநடுக்கங்கள் அடிக்கடி உலுக்கும் அந்நகரில் அக்கட்டடம் இன்றும் நிலைத்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

இஸ்தான்புல்லின் வரலாற்றுப் பகுதிகள் 1985 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும் பட்டியலில் இடம்பெறுவது மாத்திரம் பாதுகாப்பாகி விடாது. பொற்கொம்பின் குறுக்கே 2014 இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாலத்தின் கோபுரங்கள் சுலைமானியாவின் தோற்றத்தைப் பாதிக்கும் என யுனெஸ்கோ கவலை வெளியிட்டதையடுத்தே அவற்றின் உயரம் குறைக்கப்பட்டது. சுலைமானியாவைச் சூழ்ந்துள்ள பழைய மர வீடுகள் பலவும் சிதைந்து மறைந்துவிட்டன.

கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநகருக்கு ரயிலும் வேண்டும், பாலமும் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நகரின் தோற்றம் அதன் மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து; ஒருமுறை இழந்தால் மீளப் பெற முடியாதது. பழையதைத் தாங்கிக்கொண்டே புதியதைப் படைக்க முடியும் என்பதைச் சினான் தம் செயலால் நிறுவிச் சென்றார். சுலைமானியாவின் ஒரு மூலையில், எளிமையானதொரு கல்லறையில் அவர் துயில்கின்றார். அவரது பெயரைப் போற்றுவோர் அவரது இந்தப் பண்பையும் பின்பற்றுவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.