தவறிப்போன இணைப்பு விமானம்

ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து பாரிஸுக்கும், பாரிஸிலிருந்து பிரேஸில் தேசத்துச் சாவ் பாவ்லோவுக்கும், அங்கிருந்து பராகுவேயின் தலைநகரான அசுன்சியோனுக்கும் ஒரே முன்பதிவில் புறப்பட்ட ஒரு மாதுக்கு நேர்ந்த இடையூறு, முதல் விமானம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிந்திக் கிளம்பியது ஒன்றுதான். ஆனால் அதன் பயனாகப் பாரிஸில் இணைப்பு விமானம் கைநழுவி, அதைத் தொட்டுச் சாவ் பாவ்லோவில் அடுத்ததும் கைநழுவி, அவர் போய்ச் சேர்ந்தபோது குறித்த வேளை கடந்து பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. புறப்பாட்டுத் தாமதம் சட்டம் வகுத்த எல்லையை எட்டாதபோது நஷ்டஈடு உண்டா என்ற கேள்வி, லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நியாயஸ்தலம் வரை சென்றது. பிரயாணி கடைசியாகச் சேர வேண்டிய ஊரில் எவ்வளவு நேரம் பிந்தினார் என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2013 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று.

இந்த உரிமைக்கு ஆதாரமானது ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றி, 2005 பிப்ரவரி 17 முதல் அமலுக்குக் கொண்டுவந்த 261ஆம் எண் சட்டம். விசித்திரம் என்னவென்றால், இடமில்லையென்று ஏற்ற மறுத்தாலும் விமானத்தை ரத்துச் செய்தாலும் ரொக்கம் கொடு என்று விதித்த அச்சட்டம், தாமதத்துக்கு அப்படி ஒன்றும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேருபவனும் விமானம் ரத்தானவன் படும் அவதியையே படுகிறான் என்று 2009இல் நியாயஸ்தலம்தான் வியாக்கியானம் செய்தது. எழுதாத விதியை நீதிபதிகள் எழுதிவிட்டார்கள் என்று விமானக் கம்பெனிகள் முணுமுணுத்ததில் சிறிது நியாயம் இல்லாமற் போகவில்லை; எனினும் பிரயாணியின் பக்கம் நின்று பார்த்தால் அது காலத்தினால் செய்த உபகாரமே. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் பொதுவாக 600 என்பது விகிதம். சுற்றிச் சுற்றிப் பறந்தாலும், தூரத்தை முதல் நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையே நேராகவே அளப்பார்கள்.

எல்லாம் ஒரே முன்பதிவு என்னும் அச்சாணியில்தான் சுழல்கிறது. பிராகிலிருந்து அபுதாபி வழியாகப் பாங்காக் சென்ற சிலருக்கு, செக் கம்பெனியின் முதல் விமானம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. அபுதாபியில் எத்திஹாட் கம்பெனியின் இணைப்பு விமானம்தான் 488 நிமிஷம் பிந்தியது. ஆயினும் முழுப் பயணத்தையும் ஒன்றாக விற்ற செக் கம்பெனியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும், பிறகு மற்றதனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று இரு டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கி ஒட்டுப்போட்டுக்கொண்டவருக்கோ, முதல் விமானம் ஒரு மணி நேரம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் இந்தச் சட்டத்தில் யாதொரு பரிகாரமும் இல்லை.

நம்மவர் கவனிக்க வேண்டிய பேதம் இன்னொன்று. பாரிஸிலிருந்து துபாய் வழியாக ஒரே முன்பதிவில் சென்னை வருபவருக்கு, எந்தத் தேசத்துக் கம்பெனியானாலும் பாதுகாப்பு உண்டு. வளைகுடாக் கம்பெனி ஒன்றில் சென்னையிலிருந்து பாரிஸ் திரும்பும்போது இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து ஏறுகிறவருக்கு, விமானத்தை ஓட்டுவது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால் மட்டுமே சட்டம் துணைவரும்.

தாமதத்தை எந்தக் கணத்தோடு முடிப்பது? சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் நிலையத்துக்கு வந்த ஒரு விமானம், சக்கரம் தரையைத் தொட்டபோது 2 மணி 58 நிமிஷமும், நிறுத்துமிடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிஷமும் பிந்தியிருந்தது. கதவுகளில் ஒன்றாவது திறக்கும் வரையில் பிரயாணி அடைபட்டவனே, தன் காரியத்தைக் கவனிக்க இயலாதவனே என்று 2014இல் நியாயஸ்தலம் கூறிவிட, அந்தச் சில நிமிஷங்களில் 250 யூரோ கைமாறிற்று.

கம்பெனிக்குத் தப்பும் வழி ஒன்று உண்டு: எவ்வளவு முயன்றும் தவிர்க்க முடியாத அசாதாரண சந்தர்ப்பம் என்று நிரூபிப்பது. பறவை மோதினால் அந்த வாதம் நிற்கும். பராமரிப்பில் தென்படும் சாதாரண யந்திரக் கோளாறுக்கு நிற்காது. நிரூபிக்கும் பாரம் கம்பெனியினுடையது. ஆகையால் "வானிலை சரியில்லை" என்ற ஒருவரிக் கடிதத்தைக் கண்டு கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. காரணம் எதுவாயினும், காத்திருப்பு நீளும்போது உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல் அறையும், அங்கே போய்வர வண்டியும் தந்தே ஆகவேண்டும். வழக்கிடும் காலவரம்பு தேசத்துக்குத் தேசம் வேறுபடும். ஜெர்மனியில் மூன்று ஆண்டு, பிரான்சில் ஐந்து. கவுண்டரில் இதமாக நீட்டப்படும் பிரயாணக் கூப்பனை, பிரயாணி கையொப்பமிட்டுச் சம்மதித்தாலன்றி, ரொக்கத்துக்கு ஈடாகக் கொடுக்கக் கம்பெனிக்கு அதிகாரமில்லை.