நீரின் ஹரீம்: ஜித்தா நகர் தரும் படிப்பினை

வானிலிருந்து நீர் ஒரு கணக்குடன் இறக்கப்பட்டுப் பூமியில் தங்க வைக்கப்படுகிறது என்பதையும், அதனைப் போக்கிவிடவும் இறைவன் ஆற்றலுள்ளவன் என்பதையும் அல்முஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அர்ரஃது அத்தியாயத்தின் 17ஆம் வசனமோ, பள்ளத்தாக்குகள் தத்தம் கொள்ளளவுக்கேற்ப வெள்ளத்தைச் சுமந்தோடுவதை ஓர் உவமையின் தொடக்கமாக அமைத்துள்ளது. இவ்விரு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்து ஓதும்போது, மழைக்கு ஓர் அளவு இருப்பதுபோல் அதை ஏற்கும் நிலத்துக்கும் ஓர் அளவு உண்டு என்னும் உண்மை நமக்குப் புலனாகிறது.

நம் காலத்தில் இவ்விரண்டுமே மாறி வருகின்றன. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்க வல்லது என்பது இயற்பியல் விதி. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து புவியின் சூடு ஏறஏற, ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரு பகலில் கொட்டுவதும், பிறகு நெடுநாள் வானம் வறண்டு கிடப்பதும் பெருகுகின்றன. மழையின் அளவு இவ்வாறு கூடிவரும் காலத்திலேயே, அதை ஏற்கும் நிலத்தின் அளவை நம் நகரங்கள் சுருக்கிவிட்டன. இதன் விளைவை அறிய, ஹஜ் பயணிகள் யாவரும் அறிந்த ஜித்தாவைக் காட்டிலும் பொருத்தமான நகர் வேறில்லை.

ஜித்தா ஆறில்லாத ஊர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 50 அல்லது 60 மி.மீ. அளவே. எனவே தாகமே அவ்வூரின் வரலாறு எனலாம். ஹிஜ்ரி 579இல் அங்கு வந்திறங்கிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், ஊருக்கு உள்ளும் வெளியும் பாறையில் குடையப்பட்ட ஏராளமான நீர்த்தொட்டிகளைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். எப்போதோ பெய்யும் மழையை ஒரு துளியும் வீணாகாமல் இத்தொட்டிகளில் தேக்கி, ஊராரும் ஹாஜிகளும் ஆண்டெல்லாம் குடித்து வந்தனர். உதுமானியர் ஆட்சியின் இறுதிக் காலமாகிய 1907இல் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது. மக்கள் அதனைக் 'கின்தாஸா' என்றழைத்தனர். 1947இல் மன்னர் அப்துல் அஸீஸ் காலத்தில் வாதீ ஃபாத்திமாவின் ஊற்று நீர் குழாய் வழியே நகரை வந்தடைந்தது. அதே ஆண்டில் பழைய மதிற்சுவரும் இடிக்கப்பட்டது. 1970இல் பெரிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தபின், ஜித்தா மழையை எதிர்பார்த்து வாழும் நிலை அறவே நீங்கியது.

துயரத்தின் விதை இங்குதான் விழுந்தது என்பது நம் கருத்து. மழையை நம்பி வாழ்ந்த தலைமுறைக்கு, அது எவ்வழியே வரும், எங்கே தேங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். குழாயைத் திறந்தால் நீர் என்றானபின் அவ்வறிவு தேவையற்றதாயிற்று. மதிலைக் கடந்த நகர், கிழக்கே ஹிஜாஸ் மலைகளை நோக்கி விரிந்தது. அம்மலைகளிலிருந்து கடலை நோக்கி இறங்கும் 'வாதீ' எனும் வறண்ட ஓடைப் பள்ளத்தாக்குகளில், ஆண்டுக்கணக்கில் நீர் காணாத மணல்தரையைக் கண்டோர் அதனை வெற்று நிலம் என்றே கருதினர். அங்கே மனைகள் பிரிக்கப்பட்டன, வீதிகள் போடப்பட்டன, வீடுகள் எழுந்தன.

2009 நவம்பர் 25, ஹிஜ்ரி 1430 துல்ஹஜ் பிறை 8. ஹாஜிகள் மினாவை நோக்கிப் புறப்படும் நாள். அன்று ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் 90 மி.மீ. மழை கொட்டியது. மலையடிவாரத்தில் திரண்ட வெள்ளம் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. வாதீ கவ்ஸில் அமைந்த குவைஸா என்னும் குடியிருப்பு மிகக் கடுமையாகத் தாக்குண்டது. நகரில் 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாக்கடைக் குழாய் வசதி போதாத நகரமாதலால், லாரிகள் கொண்டுபோய்க் கொட்டிய கழிவுநீரால் கிழக்குப் புறத்தில் ஓர் ஏரியே உருவாகியிருந்தது. 'கஸ்தூரி ஏரி' என அதற்கு வழங்கிய பெயர் ஒரு கசப்பான கேலி. அதன் கரை உடையுமோ என்று நகரே அஞ்சிற்று. மன்னர் அப்துல்லாஹ் விசாரணைக்கு ஆணையிட்டார். அதிகாரிகள் பலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வெள்ளப் பாதையில் மனை போட அனுமதித்தோர் யார் என்பதே அப்போது நாடெங்கும் எழுந்த கேள்வி.

இக்கேள்விக்குரிய சட்டம் நம் ஃபிக்ஹு நூல்களில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது என்பதை இங்கே எடுத்துக்காட்ட விழைகிறோம். 'இஹ்யாவுல் மவாத்' எனப்படும் தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தில் 'ஹரீம்' என்றொரு சொல் வருகிறது. ஒரு கிணறோ ஊற்றோ ஆறோ தன் பயனை முழுமையாகத் தருவதற்கு அதனைச் சுற்றி எவ்வளவு இடம் தேவையோ அவ்விடமே அதன் ஹரீம். அது தரிசாகத் தோன்றினும் தரிசன்று. அதை எவரும் உழுதோ கட்டியோ தமதாக்கிக்கொள்ள முடியாது.

ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா போன்ற நூல்கள் ஹரீமை அளவால் வரையறுக்கின்றன. கால்நடைகளுக்கு நீரிறைக்கும் கிணற்றுக்கு 40 முழம், ஊற்றுக்கு 500 முழம் என்பன அவற்றுட் சில. நம் கடற்கரை ஊர்களில் பயிலப்படும் ஷாஃபிஈ நூல்களோ பயனை அளவுகோலாகக் கொள்கின்றன. இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில், நிலத்தடிக் கால்வாயின் கிணறுகளுக்கு ஹரீம் எதுவெனக் கூறுகையில், எவ்விடத்தில் தோண்டினால் அக்கிணறுகளின் நீர் குறையுமோ, அல்லது அவை சரிந்துவிடும் என்ற அச்சம் எழுமோ அவ்விடமே என்று விளக்குகிறார். நிலத்தடி நீரைக் காக்க இன்றைய அரசுகள் இயற்றும் சட்டங்களின் சாரம் இதுவேயன்றோ! ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் மறைந்த ஓர் அறிஞர் இதை இரண்டு சொற்றொடர்களில் அடக்கிவிட்டார்.

ஆற்றைப் பற்றிய தீர்ப்பு இன்னும் கடுமையானது. மின்ஹாஜின் விரிவுரையாளரான கதீப் ஷிர்பீனி (ரஹ்), நைல் போன்ற ஆற்றின் ஹரீமில் குடியிருப்பதற்காகக் கட்டுவது ஆகாது என்றும், கட்டப்பட்டது பள்ளிவாசலாக இருப்பினும் அது இடிக்கப்பட வேண்டும் என்றும், இதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒருமித்துள்ளதாகச் சொல்லப்படுகிறது என்றும் எழுதுகிறார். தம் எகிப்தில் இக்குற்றம் எங்கும் பரவிவிட்டதையும், மக்களைத் தடுக்க உலமாக்கள் தனி நூல்களே எழுதியதையும் அவர் வருத்தத்துடன் குறிப்பிடுகிறார். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும் ஆற்றங்கரையை ஆக்கிரமிப்பதைக் கண்டித்து ஒரு சிறுநூல் யாத்துள்ளார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கெய்ரோவில் எழுந்த சிக்கல் இன்றைய நகரங்களின் சிக்கலாகவே இருப்பதைக் காண்கிறோம். இறையில்லத்துக்கே விலக்களிக்காத சட்டம், அடுக்குமாடிக்கும் வணிக வளாகத்துக்கும் விலக்களிக்குமா?

ஜித்தாவின் கதை 2009உடன் முடியவில்லை. 2011 ஜனவரியில் மூன்று மணி நேரத்தில் 111 மி.மீ. மழை பெய்து, அணையொன்று உடைந்து மீண்டும் உயிர்கள் பலியாயின. அதன்பின் கிழக்குப் பள்ளத்தாக்குகளின் வாயில்களில் புதிய அணைகள் எழுப்பப்பட்டன. நகரின் ஊடே கடல்வரை வெள்ளக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கஸ்தூரி ஏரி வற்றவைக்கப்பட்டது. 2022 நவம்பர் 24இல் தென் ஜித்தாவில் ஆறு மணி நேரத்தில் 179 மி.மீ. மழை பதிவாயிற்று. இது 2009ஆம் ஆண்டு மழையைப்போல் இருமடங்கு. வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன, வீதிகள் மூழ்கின. எனினும் உயிரிழந்தோர் இருவர். முன்னெச்சரிக்கையாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் இதற்குத் துணைசெய்தது.

வெள்ளத்துக்கு அணை கோலுதல் நம் வரலாற்றில் புதிதன்று. ஹிஜ்ரி 17இல் உம்மு நஹ்ஷல் எனப் பெயர் பெற்ற வெள்ளம் மக்காவின் ஹரமுக்குள் புகுந்து மகாமு இப்ராஹீமையே இடம்பெயரச் செய்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து விரைந்து வந்து, அதனை உரிய இடத்தில் அமைத்ததோடு, மேல் மக்காவில் வெள்ளத்தைத் திருப்பிவிடும் தடுப்பணையையும் கட்டுவித்தார்கள். ஆயினும் ஜித்தாவின் புதிய கால்வாய்களை உற்று நோக்கினால், பெரும் பொருட்செலவில் நிகழ்ந்திருப்பது பறிக்கப்பட்ட ஹரீமின் ஒரு பகுதியை நீருக்குத் திருப்பிக் கொடுத்ததே என்பது விளங்கும். தொடக்கத்திலேயே விட்டுவைத்திருந்தால் ஒரு ரியாலும் செலவாகியிராது. 120 உயிர்களும் போயிரா.

ஜித்தாவைப் பற்றிப் பேசும்போது நம் சென்னை கண்முன் வராமல் இருப்பதெங்ஙனம்? பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே நகருக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரு வெளிப்பாடுகள். ஏரியின் ஹரீமைப் பறித்தால், வரும் நீர் தங்க இடமின்றி வீட்டுக்குள் நுழைகிறது. தங்காத நீர் கோடையில் கிணற்றிலும் இல்லாமற் போகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்துள்ளன. அவை தேவையே. எனினும் ஜித்தாவைப்போல், கடல்நீர் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் மழையின் வழியை நாமும் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் நீதி பற்றியும் ஒரு சொல். ஹரீமை மீட்பது என்ற பெயரில் கரையோரக் குடிசைகளை மட்டும் அகற்றிவிட்டு, ஏரிக்குள் எழுந்த மாளிகைகளைத் தொடாமல் விடுவது ஷரீஅத்தின் நீதியன்று. குவைஸாவில் குடியேறிய எளியோர் பலர் தாம் வெள்ளத்தின் பாதையில் இருப்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அறிந்தும் விற்றவனே முதற் குற்றவாளி. தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்னும் நபிமொழி வழிவந்த விதியின்படி, அகற்றப்படுவோருக்கு மாற்றிடமும் ஈடும் தருவது ஆட்சியாளர் கடமை.

நாம் செய்யக்கூடியவை நம் பள்ளிவாசலின் ஹவுளிலிருந்தே தொடங்குகின்றன. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்ததை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அது முக்கால் லிட்டர் அளவே. திறந்துவிட்ட குழாயடியில் நாம் அதைப்போல் பல மடங்கு கொட்டுகிறோம். ஒளுச் செய்த நீர் மீண்டும் ஒளுவுக்கு ஆகாது என்பர் நம் இமாம்கள். அசுத்தம் என்று கூறினாரில்லை. அந்நீரை ஊறல் குழியில் விட்டு நிலத்துக்குத் திருப்பவும் மரங்களுக்குப் பாய்ச்சவும் மார்க்கத்தில் தடையேதுமில்லை. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, கழிவுநீரே ஆயினும் அதன் நிறம், சுவை, மணம் யாவும் நீங்கும்படி முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டால் அது தூய நீரே எனத் தீர்ப்பளித்தது. பள்ளிவாசலின் கூரையில் விழும் மழைநீரைக் கிணற்றில் சேர்ப்பதும் எளிதில் ஆகக்கூடியதே.

இவற்றினும் முதன்மையான கடமை ஒன்று நம்போன்ற ஆசிரியர்களைச் சாரும். மதரஸாக்களில் தொழுகை, நிக்காஹ், வாரிசுரிமை ஆகிய பாடங்களை வரிவரியாக ஆய்கிறோம். இஹ்யாவுல் மவாத் வந்ததும், பாலைநிலத்துச் சட்டம் நமக்கெதற்கு என்று பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். இக்குறை நம்மிடமும் உண்டு. இனி அப்பாடத்தை நடத்துகையில் மாணவரை ஊர் ஏரியின் கரைக்கு அழைத்துச் சென்று, இதன் ஹரீம் எங்கே முடிகிறது, அதில் இன்று நிற்பது எது என்று வினவுவோமாக. ஜும்ஆ மேடையில் ஏறப்போகும் அவர்கள் அறிந்துகொண்டால் ஊர் அறியும். மனை வாங்குமுன் அந்நிலத்தில் நீருக்கு உரிமை உண்டா என்று நம் மக்கள் கேட்கத் தொடங்குவர். அக்கேள்வி பரவுமாயின், அடுத்த பெருமழை வரும்போது அதற்கென ஒரு வழி திறந்திருக்கும். வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக.