நடத்தையை காரணம் காட்டி விசா ரத்து: கோர்ட்டுக்கு போனால் என்ன நடக்கும்?

ஆஸ்திரேலியாவில் தங்கி இருக்கும் வெளிநாட்டினரின் விசாவை, "நன்னடத்தை இல்லை" என்று சொல்லி அந்நாட்டு அரசு ரத்து செய்யலாம். குடியேற்ற சட்டத்தின் 501-வது பிரிவு இந்த அதிகாரத்தை தருகிறது.

12 மாதமோ அதற்கு மேலோ ஜெயில் தண்டனை பெற்றவர்கள் இதில் சிக்குவார்கள். தண்டனையே பெறாதவர்களும் சிக்கலாம். அப்படி சிக்கியவர்தான் பெங்களூர் டாக்டர் முகமது ஹனீப்.

சிம்கார்டால் வந்த வினை

கோல்டு கோஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இவர், 2007-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி ஊருக்கு கிளம்பியபோது பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைதானார். இங்கிலாந்தில் இருந்து வரும்போது தனது சிம்கார்டை உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தார். அந்த உறவுக்காரரின் சகோதரர், கிளாஸ்கோ விமான நிலைய தாக்குதலில் ஈடுபட்டவர்.

ஜூலை 16-ந்தேதி ஹனீப்புக்கு ஜாமீன் கிடைத்தது. சில மணி நேரத்தில் குடியேற்ற மந்திரி கெவின் ஆண்ட்ரூஸ் விசாவை ரத்து செய்தார். 27-ந்தேதி வழக்கு வாபஸ் ஆனது. விசா மட்டும் திரும்ப வரவில்லை. டாக்டர் ஊர் திரும்பினார். வழக்கை வக்கீல்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.

நீதிபதி பார்த்தது என்ன?

இந்த மாதிரி வழக்கில் "இவர் நல்லவரா, கெட்டவரா?" என்று கோர்ட்டு பார்க்காது. "மந்திரி சட்டப்படி நடந்தாரா?" என்றுதான் பார்க்கும். சட்டத்தை தப்பாக புரிந்து கொண்டாலோ, சட்டம் கட்டாயமாக்கும் இடத்தில் பதில் சொல்ல வாய்ப்பு தராவிட்டாலோ உத்தரவு நிற்காது.

மந்திரி தப்பாக புரிந்து கொண்டது "தொடர்பு" என்ற வார்த்தையை. குற்றச்செயலுக்கு ஆதரவோ, அனுதாபமோ, பங்கோ இருந்தால்தான் அது தொடர்பு. சொந்தக்காரர் என்பது மட்டும் போதாது என்று ஆகஸ்டு 21-ந்தேதி நீதிபதி ஸ்பெண்டர் தீர்ப்பளித்தார். விசா ரத்து செல்லாமல் போனது. அரசின் அப்பீலும் டிசம்பர் 21-ந்தேதி தள்ளுபடி ஆனது. 2010-ல் ஹனீப்புக்கு நஷ்டஈடு கிடைத்தது.

35 நாள் கெடு

அதிகாரி ரத்து செய்தால் முதலில் தீர்ப்பாயத்துக்கு போகலாம். மந்திரியே நேரடியாக ரத்து செய்தால் அந்த வழி கிடையாது. பெடரல் கோர்ட்டுதான் வழி. நோட்டீசில் உள்ள தேதியில் இருந்து 35 நாளுக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் கோர்ட்டின் தனி அனுமதி வேண்டும்.

கோர்ட்டில் ஜெயித்தாலும் முழு நிம்மதி கிடையாது. தப்பை சரி செய்து, சட்டப்படி மறுபடியும் ரத்து செய்ய மந்திரிக்கு அதிகாரம் உண்டு.