நெளிகோட்டில் எழும் மலைகள்

2021 நவம்பர் 29 அதிகாலை. வேலூருக்கு மேற்கே, தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர்ப் பக்கமாக, 3.6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. அது எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்தது? நிலநடுக்கமானி தருவதோ ஒரே நெளிகோடு.

எண்ணெய் தேடிய பிரெஞ்சுப் பொறியாளர் ழான் மோர்லே 1980-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். ஒரு சிற்றலையை நீட்டியும் சுருக்கியும் கோட்டின் மீது நகர்த்தி, எங்கே எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்கிடுவதே அது. நேரத்தை நீளமாகவும், அதிர்வெண்ணை அகலமாகவும், பொருத்தத்தை உயரமாகவும் வரைந்தால் மலைத்தொடர் போன்ற முப்பரிமாணப் படம் எழும். முதலில் முதன்மை அலையின் குன்று. பின்னர் இரண்டாம் அலையின் பெருமலை.

பார்க்க அழகுதான்! ஆனால், தவறான கோணத்தில் பெருமலை குன்றை மறைத்துவிடும். ஆகவே மேலிருந்து நோக்கி, உயரத்தை நிறங்களால் காட்டுவதே மேல். அப்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடலாம். அருகில் நிகழும் நடுக்கங்களுக்கு, ஒரு விநாடிக்குச் சுமார் 8 கி.மீ. தூரம்.