160 ஏக்கர் ஃப்ரீ... மழை மட்டும் கேட்காதீங்க!

160 ஏக்கர் நிலம். விலை கிடையாது. பதிவுக் கட்டணம் மட்டும் 18 டாலர். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் பண்ணிக் காட்டினா, பட்டா உங்க பேர்ல! இப்படி ஒரு ஆஃபர் வந்தா விடுவீங்களா பாஸ்?

1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் இதைத்தான் சொன்னது. வயசு 21 ஆகியிருக்கணும், இல்லாட்டி குடும்பத் தலைவரா இருக்கணும் (நம்மில் பல பேர் வெயிட்டிங் லிஸ்ட்!). கல்யாணமாகாத பெண்களும் தனியா அப்ளை பண்ணலாம்.

ஒரு விஷயம்... அது யாருமில்லாம கிடந்த நிலம் இல்லை. சூ, ஷெயான், பானீ போன்ற பழங்குடி மக்கள் காட்டெருமைகளை நம்பி வாழ்ந்த பூமி. ஒப்பந்தம் பாதி, துப்பாக்கி பாதின்னு அவங்களை ஒதுக்கித் தள்ளின பிறகுதான் அது 'இலவசம்' ஆச்சு.

சரி, கான்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் போய் இறங்கிட்டீங்க. கண்ணுக்கு எட்டின தூரம் வரை புல். வீடு கட்ட மரம் இல்லை, தண்ணியும் பக்கத்துல இல்லை. என்ன பண்ணுவீங்க?

அவங்க புல்லையே வீடாக்கினாங்க! வேரோட மண்ணைப் பாளம் பாளமா வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கினாங்க. வெயிலுக்குக் குளுகுளு, பனிக்குக் கதகதப்பு. மழை பெய்தா மட்டும் கூரை ஒழுகும், சமயத்துல பாம்பும் எட்டிப் பார்க்கும். அடுப்புக்கு? காய்ந்த காட்டெருமைச் சாணம். அதேதாங்க, நம்ம வரட்டி டெக்னாலஜி!

வேலி போட மரம் இல்லையா? 1874-ல் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்கு பேட்டன்ட் வாங்கினார். கிணறு ரொம்ப ஆழமா? காற்றடிக்கிற திசைக்குத் தானே திரும்பும் காற்றாலையை டேனியல் ஹாலடே 1854-லேயே உருவாக்கியிருந்தார். கோடை வறட்சியா? ரஷ்யப் பேரரசிலிருந்து 1874-ல் கான்சாஸ் வந்த மென்னோனைட் குடும்பங்கள் 'டர்க்கி ரெட்' கோதுமை விதையோட வந்தாங்க. இலையுதிர் காலத்தில் விதைச்சா, கடும் வெயிலுக்கு முன்னாடியே அறுவடை!

நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு பிராப்ளத்துக்கும் ஒரு சூப்பர் சொல்யூஷன். அப்புறம் எங்கே சொதப்பிச்சு?

1878-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற புவியியலாளர் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். '20 அங்குலத்துக்கும் குறைவா மழை பெய்யற இடத்துல 160 ஏக்கர் பத்தாது. மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேணும்'ங்கிறதுதான் அதன் சாரம். யார் கேட்டா? 'நிலத்தை உழுதா மழை தானா வரும்'னு அப்போ ஒரு நம்பிக்கை வேற ஓடிக்கிட்டிருந்தது. சில வருஷம் நல்ல மழையும் பெய்ததால, அது நிஜம்னே பலரும் நம்பிட்டாங்க. 1890-களின் வறட்சியில் ஏராளமான குடும்பங்கள் நிலத்தை விட்டுட்டுக் கிளம்பினாங்க.

பாடம் அப்பவும் ஏறலை. முதல் உலகப் போரில் கோதுமை விலை எகிற, டிராக்டர்கள் இறங்கி மிச்சமிருந்த புல்வெளியையும் புரட்டிப் போட்டன. 1930-களில் மறுபடி வறட்சி. பிடிச்சு வைக்க வேர் இல்லாத மண், காத்துல கிளம்பிடுச்சு. 1935 ஏப்ரல் 14, 'கறுப்பு ஞாயிறு'. ஓக்லஹாமா, டெக்சாஸ் பகுதிகளில் புழுதிப் புயல் பட்டப்பகலை இருட்டாக்கிடுச்சு.

அதே மாசம் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிவுக்குக் குறுக்கே உழவு, அறுத்த தாளை நிலத்திலேயே விடறது, பயிரையும் புல்லையும் பட்டை பட்டையா மாத்தி மாத்தி வளர்க்கறது, காற்றைத் தடுக்க 20 கோடிக்கும் மேல் மரங்கள்... இதெல்லாம் அதுக்கப்புறம் வேகம் பிடிச்ச வேலைகள். இதுல பாதிக்கு மேல, அந்தப் புல் ஏற்கெனவே சம்பளம் வாங்காம பார்த்துக்கிட்டிருந்த வேலை!

அடுத்த தடவை ஒரு ப்ராஜெக்ட்ல இறங்கும்போது, 'இங்கே என்ன இல்லை?'ன்னு லிஸ்ட் போடறதோட நிறுத்தாதீங்க. 'இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்ன வேலை பார்த்துக்கிட்டிருக்கு?'ன்னும் ஒரு வரி சேர்த்துக்கங்க. அந்த ஒரு வரியை விட்டதுக்குத்தான் அவங்க ஊரே புழுதியா பறந்துச்சு!