யாழ்ப்பாணத்தின் சங்கிலி: ஒரு பெயர், இரு மன்னர்கள்

பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவிலும் பொண்டி போன்ற புறநகர்களிலும் வாழும் ஈழத்தமிழருக்கு, சங்கிலியன் என்பது அந்நியரை எதிர்த்து நின்ற யாழ்ப்பாண மன்னனின் பெயர். ஆனால் அப்பெயரில் ஆண்டவர்கள் இருவர்.

முதலாம் சங்கிலி 1519-இல் அரியணை ஏறியவர். 1544-இல் மன்னாரில் கத்தோலிக்கராக மதம் மாறியவர்களை இவர் கொல்வித்தார். 1560-இல் போர்த்துக்கேயர் நல்லூரைக் கைப்பற்றியபோது வன்னிக்குப் பின்வாங்கினார். மக்கள் கிளர்ச்சியால் படையெடுத்தவர்கள் வெளியேற நேர்ந்தது. எனினும் மன்னார்த் தீவு அவர்கள் வசமாயிற்று.

1591-இல் நிலைமை மாறியது. போர்த்துக்கேயர் மன்னரைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தமக்குக் கட்டுப்பட்ட அரசராக்கினர். 1617-இல் அவர் இறந்ததும் அரச குடும்பத்துப் போட்டியாளர்களைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றியவரே இரண்டாம் சங்கிலி. உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கத் தஞ்சை நாயக்கரின் உதவியை நாடினார். ஒல்லாந்தருடனும் தொடர்பு கொண்டார்.

கண்டி அரசுக்குத் தென்னிந்தியாவிலிருந்து உதவி செல்லும் வழியாகவும் யாழ்ப்பாணம் இருந்ததால், போர்த்துக்கேயர் இதைப் பொறுக்கவில்லை. 1619-இல் பிலிப் டி ஒலிவேரா படையெடுத்தார். தப்பிச் செல்ல முயன்ற சங்கிலி பிடிபட்டு, கோவாவில் மரண தண்டனைக்கு உள்ளானார்.

18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருவரையும் ஒருவராகவே காட்டுகிறது. பொதுமக்கள் நினைவில் இன்றும் நிலவும் குழப்பத்துக்கு இது ஒரு முக்கிய காரணம்.

பிரான்ஸுடன் தொடர்புடைய ஐரோப்பிய வரலாறு ஒன்றும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. ஸ்காட்லாந்தின் ஜான் பேலியல், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் மேலாண்மையை ஏற்று 1292-இல் முடிசூடியவர். 1295-இல் அவரது தூதர்கள் பாரிஸில் பிரெஞ்சு அரசருடன் உடன்படிக்கை செய்தனர். மறு ஆண்டே எட்வர்ட் படையெடுத்து அவரது முடியைப் பறித்தார். பேலியல் தமது இறுதிக் காலத்தை வட பிரான்ஸில் கழித்தார்.

வலிய அரசுக்குக் கட்டுப்பட்ட சிறு நாடு, வேறொரு துணையைத் தேடியதே இரு வீழ்ச்சிகளுக்கும் வழிவகுத்தது. ஆனால் பின்விளைவு வேறு. ஸ்காட்லாந்தில் அரியணைக்கு உரிமை கோர ராபர்ட் புரூஸ் இருந்தார். 1314-இல் பானக்பர்ன் களத்தில் வென்றார். யாழ்ப்பாணத்திலோ வாரிசுகள் பலர் அரண்மனைப் பகையில் முன்பே மாண்டிருந்தனர். எஞ்சியோரில் சிலர் கோவாவுக்கு அனுப்பப்பட்டு, கத்தோலிக்கத் துறவு மடங்களில் சேர்ந்தனர்.

தஞ்சைப் படைகள் மீண்டும் வந்து போரிட்டும் பயனில்லை. நாடு 1658-இல் ஒல்லாந்தரிடமும் பின்னர் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. சங்கிலியின் வீழ்ச்சிக்கு அந்நியரின் பீரங்கிகளோடு அரண்மனைக் கொலைகளும் காரணம் என்பதை, அவரைப் போற்றுவோரும் மறந்துவிட இயலாது.