ஒரே முறை பூக்கும் செடியும் ஒரு கிண்ணம் மெஸ்காலும்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மாநிலத்தில் மெஸ்கால் என்ற மதுவைக் காய்ச்சுகிறவர்களும் இப்படித்தான் பதம் பார்க்கிறார்கள். ஒரு நாணல் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, காய் ஓட்டில் செய்த கிண்ணத்துக்குள் மெல்லிய தாரையாக விழவிடுவார்கள். மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் கூடும். அவற்றை அங்கே 'முத்துகள்' என்கிறார்கள். முத்துகள் சிறிது நேரம் நிலைத்து நின்றால் பதம் சரி. சட்டென்று உடைந்தால் எத்தனால் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று பொருள்.

இது வெறும் நம்பிக்கையா? ரொபெர்த்தோ செனித் என்ற மெக்சிகோ நாட்டுப் பாய்ம இயக்கவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 2020-ஆம் ஆண்டில் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். எத்தனாலின் அளவு 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போதுதான் குமிழ்கள் நீடித்து நிற்கின்றன. அளவு அதற்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் விரைவில் உடைகின்றன. கிராமத்தார் சொன்னது சரிதான்!

காரணம் நீங்கள் வகுப்பில் படிக்கும் பாடத்திலேயே இருக்கிறது. குமிழின் சுவர் ஒரு மெல்லிய திரவப் படலம். அந்தத் திரவம் மெல்ல மெல்லக் கீழே வடியும். படலம் மெலிந்துபோனதும் குமிழ் உடையும். ஆகவே வடிவது தாமதமானால் குமிழின் ஆயுள் கூடும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நீரையும் எத்தனாலையும் கலந்தால், அந்தக் கலவையின் பாகுத்தன்மை தூய நீரைவிடவும் அதிகம், தூய எத்தனாலைவிடவும் அதிகம். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலக்கும்போது அது உச்சத்துக்குப் போகிறது. இதோடு, செடியிலிருந்து வந்து சேர்ந்த சில பொருள்கள் சவர்க்காரம்போல் வேலை செய்து மேற்பரப்பு இழுவிசையை இடத்துக்கு இடம் மாற்றுகின்றன. அந்த வேறுபாடு திரவத்தைக் கீழிருந்து மேலே இழுத்துப் படலத்துக்குள் சேர்க்கிறது. ஒரு பக்கம் வடிகிறது, மறுபக்கம் நிரம்புகிறது.

இதைச் சோதிக்க மது தேவையில்லை. இரண்டு குவளைத் தண்ணீரில் ஒவ்வொரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். ஒன்றில் மட்டும் கெட்டியான சீனிப்பாகு சேர்த்துக் கலக்குங்கள். உறிஞ்சுகுழலால் இரண்டிலும் மெல்ல ஊதி, குமிழ்கள் உடையும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்து பாருங்கள்.

முத்து சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அது மெத்தனால். தாவரங்களில் உள்ள பெக்டின் சிதையும்போது அது உண்டாகும். மெத்தனால் 65 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும், எத்தனால் 78-இல் கொதிக்கும், ஆகவே மெத்தனால் முதலில் தனியாக வந்துவிடும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். ஆனால் நீரும் கலந்திருக்கும் அண்டாவில் அது அவ்வளவு ஒழுங்காகப் பிரிவதில்லை. வடித்தலின் தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்லவேண்டும். 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த கலப்பட மதுவைக் குடித்துப் பலர் இறந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, முத்து வீரியத்தைச் சொல்கிறது. மணமும் சுவையும் எங்கிருந்து வருகின்றன? மெஸ்கால்களை ஒப்பிட்டுச் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் புகை மணம், பழ மணம், மண் மணம், பச்சிலை மணம் என்று அடுக்குவார்கள். இதில் புகைக்கு விளக்கம் எளிது. இனிப்புக்கான விளக்கம்தான் நீளமானது. அதற்குச் செடியைப் பார்க்கவேண்டும்.

செடியின் பெயர் அகாவே. தமிழ்நாட்டில் ரயில் கற்றாழை என்று வேலியோரம் வளர்வது இதன் ஓர் இனம். வீட்டுத் தொட்டியில் இருக்கும் சோற்றுக் கற்றாழையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் குடும்பம் வேறு. அகாவே, காய்கறிக் கடையில் விற்கும் அஸ்பாரகஸின் உறவு. ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை மெக்சிகோவில் வளர்கின்றன.

வறண்ட நிலத்தில் பகலில் இலைத்துளையைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் அகாவே இரவில் மட்டும் துளைகளைத் திறக்கிறது. கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. விடிந்ததும் கதவை மூடிவிட்டு, அந்தச் சேமிப்பிலிருந்து வாயுவை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஜொகூர் அன்னாசியும் இதே வித்தையைச் செய்கிறது. இலைகளை வெட்டி எறிந்தபின் மிஞ்சும் அகாவேயின் நடுப்பகுதியை மெக்சிகோவில் 'பீன்யா' என்பார்கள். ஸ்பானிய மொழியில் அன்னாசி என்று பொருள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர், ஆனால் பொருத்தம் அதோடு நிற்கவில்லை!

அந்தப் பீன்யாவுக்குள் செடி ஆண்டுக்கணக்கில் சர்க்கரையைச் சேர்க்கிறது. மாவுச்சத்தாக அல்ல, ஃபிரக்டான் என்ற சங்கிலியாக. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது இதே வகைதான். இந்தச் சங்கிலியை ஈஸ்ட்டால் எளிதில் தின்ன முடியாது. சூடேற்றினால் சங்கிலி அறுந்து ஃபிரக்டோஸ் கிடைக்கும். அதனால்தான் குழி தோண்டி, கற்களைக் காய வைத்து, பீன்யாக்களை அடுக்கி, மண் போட்டு மூடிச் சில நாள்கள் சுடுகிறார்கள். புகை மணம் ஏறுவது அப்போதுதான். மெஸ்கால் என்ற சொல்லுக்கே நாவாட்ல் மொழியில் 'சுட்ட அகாவே' என்றுதான் பொருள். பிறகு நசுக்கி, நொதிக்க விட்டு, இரண்டு முறை வடிக்கிறார்கள்.

இதன் உறவான டெக்கீலாவைப் பெரும்பாலும் நீராவியில் வேகவைத்துச் செய்கிறார்கள். அதனால் அதில் புகை மணம் இல்லை. இன்னும் பெரிய வேறுபாடு, டெக்கீலாவுக்குச் சட்டப்படி நீல அகாவே என்ற ஒரே வகைதான் பயன்படவேண்டும் என்பது. மெஸ்காலுக்குப் பல இனங்கள் உண்டு. அதிகம் பயிராகும் எஸ்படின் 6 முதல் 10 ஆண்டுகளில் முதிரும். மலைச்சரிவில் வளரும் சிறிய தொபலாவுக்கு 10 முதல் 15 ஆண்டுகள்கூட ஆகும். தெபெஸ்தாத்தே என்ற காட்டு இனம் 25 ஆண்டுகள்வரை எடுத்துக்கொள்ளும். சுவைப்பவர்கள் பிரித்தறியும் வேறுபாடுகளில் பெரும்பங்கு இந்த இன வேறுபாட்டிலிருந்தும் வயதிலிருந்தும் வருகிறது.

இத்தனை ஆண்டுகள் எதற்குச் சேமிக்கிறது? ஒரே ஒரு முறை பூப்பதற்கு. முதிர்ந்த அகாவே தன் சர்க்கரை அத்தனையையும் செலவழித்துப் பல மீட்டர் உயரத்துக்குப் பூந்தண்டை எழுப்பும். பூத்துக் காய்த்ததும் செத்துவிடும். தண்டு எழுந்துவிட்டால் பீன்யாவில் சர்க்கரை மிஞ்சாது. ஆகவே மது காய்ச்சுபவர் அதற்குள் செடியை வெட்டியாக வேண்டும், அல்லது முளைக்கும் தண்டை நறுக்கிவிட வேண்டும். பூ வந்தால் மது இல்லை, மது வேண்டுமானால் பூ இல்லை.

அந்தப் பூவுக்காக இன்னொருவரும் காத்திருக்கிறார். இரவில் மலரும் அகாவேப் பூவில் தேன் குடித்து மகரந்தம் சுமப்பது நீளமூக்கு வௌவால். நம் நாட்டில் டுரியான் பூவுக்கும் பெத்தாய் பூவுக்கும் குகைத் தேன் வௌவால் செய்யும் அதே வேலை. பூத்த செடிகளைத் தொடர்ந்தே இந்த வௌவால்கள் ஆண்டுதோறும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பறக்கின்றன. 1988-இல் இவை அழியும் நிலையில் உள்ளவை என்று அமெரிக்கா அறிவித்தபோது ஆயிரத்துக்கும் குறைவாகவே இருப்பதாகக் கருதப்பட்டது. குகைகளைப் பாதுகாத்து, மக்களிடம் பேசி, பல ஆண்டுகள் உழைத்ததில் எண்ணிக்கை ஏறத்தாழ 200,000-ஆக உயர்ந்தது. 2018-இல் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது.

வௌவால் மீண்டது. செடியின் நிலை வேறு. நீல அகாவேயை யாரும் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றை எடுத்து நடுகிறார்கள். வாழைக்கன்று நடுவது மாதிரி. வேகமாக வளரும், பார்க்க ஒரே சீராக இருக்கும். ஆனால் வயல் முழுக்க ஒரே மரபணு. ஒரு செடியை வீழ்த்தும் கிருமிக்கு அடுத்த செடியும் திறந்த வீடுதான். 1990-களின் இறுதியில் ஹலிஸ்கோ மாநில வயல்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பரவி, கடும் தட்டுப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணமானது.

வௌவால் ஆராய்ச்சியாளர் ரொட்ரிகோ மெதெயின் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு ஹெக்டேரிலும் 5 விழுக்காட்டுச் செடிகளைப் பூக்க விடுங்கள், அப்படிச் செய்பவரின் புட்டியில் 'வௌவாலின் நண்பன்' என்று முத்திரை ஒட்டலாம் என்றார். 2016-இல் முதல் புட்டிகள் வந்தன. நல்ல திட்டம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பூத்த செடி வௌவாலுக்குச் சோறு போடும், அதில் ஐயமில்லை. அந்தப் பூவில் விளைந்த விதையை எடுத்து நடாமல், மறுபடியும் பக்கக் கன்றையே நட்டால் வயலின் மரபணு எப்படி மாறும்? விதையிலிருந்து வளர்க்கக் கூடுதல் ஆண்டுகள் ஆகும். அந்தச் செலவை விவசாயி தாங்க முடியுமா, புட்டி வாங்குபவர் தருவாரா என்பதில்தான் சிக்கல்.

தொபலாவின் நிலை இன்னும் நெருக்கடியானது. அது பக்கக் கன்றே விடாது. விதை ஒன்றுதான் அதற்கு வழி. மெஸ்காலுக்கு உலகச் சந்தையில் மவுசு கூடக்கூட, மலையேறிப் போய்த் தொபலாவைப் பூப்பதற்கு முன்பே வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய ஒவ்வொரு செடியோடும் அதன் விதைகள் அத்தனையும் போகின்றன. வஹாக்காவில் சிலர் இப்போது காட்டிலிருந்து விதை சேகரித்து நாற்றங்கால் போட்டு, நாற்றுகளை மலையிலேயே திரும்ப நடுகிறார்கள். இந்த ஆண்டு நடும் ஒரு நாற்று பூக்கும்போது, இன்று 15 வயதில் இதைப் படிக்கும் நீங்கள் முப்பதை நெருங்கியிருப்பீர்கள்.